படம் கிழியுது, ஃபிரேம் தவறுது, கேமராவே வரலை: எங்கே கை வைக்கணும்?

ஜூன் மாதம், மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தபோது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கூழ் ஆலையிலிருந்து போன் வந்தது. “ணா, டின் மூடி பார்க்கிற கேமரா போயிடுச்சு. புதுசு சொல்லியாச்சு. வந்து மாட்டி மட்டும் குடுத்துடுங்க.” பேசியது பராமரிப்பில் இருக்கும் தம்பி. புதுசு வந்தது, மாட்டினோம், அரை மணி நேரத்தில் அதே கோளாறு. பழைய கேமராவை எடுத்து வந்து என் மேஜையில் ஒரு மீட்டர் கேபிளில் இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு படம்கூடத் தவறவில்லை.

ஓசூரில் உதிரிப்பாகத் தொழிற்சாலைகள், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறைகள், சீசனில் கூழ் ஆலைகள். பொருளைப் படமெடுத்துச் சோதிக்கும் கேமராவைச் சரிபார்க்க நான் போய் நின்ற இடங்களில் கேமரா கெட்டிருந்தது அபூர்வம். சென்சாரிலிருந்து கணினியின் நினைவகம் வரைக்கும் படம் போகிற வழிதான் கெடுகிறது: கேபிள், கனெக்டர், சுவிட்ச், கார்டு, ஸ்லாட், டிரைவர், பஃபர் (படம் வந்து காத்திருக்கும் நினைவக இடம்). ஆனால் முதலில் கழற்றப்படுவது கேமரா, முதலில் திட்டு வாங்குவது லைனில் நிற்கிற ஆபரேட்டர். இரண்டுமே எனக்கு மனசு ஆறாத விஷயம். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, எங்கே கை வைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கணக்கு

அகலம், உயரம், ஒரு பிக்செலுக்கு எத்தனை பைட், நொடிக்கு எத்தனை படம். நான்கையும் பெருக்குங்கள். 1920 × 1200 அளவில் 8 பிட் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று 23 லட்சத்து 4 ஆயிரம் பைட். நொடிக்கு 50 படம் என்றால் 115 மெகாபைட். ஈதர்நெட்டில் ஓடும் ஜிக்-ஈ விஷன் கேமராவுக்கு 1 ஜிகாபிட் வழியில் நடைமுறையில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது இந்தக் கேமரா 50 படத்தில் ஏற்கெனவே வழியை முழுசாக நிரப்பிவிட்டது. “இன்னொரு கேமராவையும் அதே சுவிட்சில் போட்டுடலாமா சார்?” என்று கேட்டால் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கேமராவைக் கணினியோடு இணைக்கும் மற்ற வழிகளின் கொள்ளளவையும் நொடிக் கணக்கில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 5 ஜிகாபிட் யுஎஸ்பி3 விஷனில் 350 முதல் 400 மெகாபைட் வரை போகும், ஆனால் சாதாரண கேபிள் 3 மீட்டர், மிஞ்சினால் 5 மீட்டர்தான் தாங்கும். ஈதர்நெட்டில் 100 மீட்டர் போகலாம். 2000-ல் வந்த கேமரா லிங்க் பேஸ் அமைப்பில் 255, ஃபுல் அமைப்பில் 680, 80 பிட் அமைப்பில் 850 மெகாபைட். கேபிள் 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கோஆக்ஸ் கேபிளில் படம் அனுப்பும் கோஎக்ஸ்பிரஸ், ஒரு கேபிளில் 6.25 ஜிகாபிட் என்றால் சுமார் 600 மெகாபைட், 12.5 ஜிகாபிட் என்றால் சுமார் 1200. அதில் நான்கு கேபிள்களைச் சேர்த்தும் ஓட்டலாம்.

கணக்கு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. முழுப் படம் காணாமல் போகிறதா, அல்லது வந்த படத்துக்குள் ஒரு துண்டு காணாமல் போகிறதா? துண்டு போனால் வழியில் கோளாறு. வந்த படமெல்லாம் சுத்தமாக இருந்து எண்ணிக்கை மட்டும் குறைந்தால், பெரும்பாலும் ‘படம் எடு’ என்று சொல்லும் டிரிகர் சிக்னல் வரவில்லை, இல்லையென்றால் புரோகிராம் எடுத்து முடிக்கவில்லை. இதைக் கேட்காமலேயே வேலையைத் தொடங்குவதால் எத்தனையோ ஷிப்ட் வீணாகிறது.

கேமரா பட்டியலிலேயே இல்லை

ஈதர்நெட் கேமரா என்றால் முதலில் கனெக்டர் விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் மின்சாரம் இல்லை அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் அமைப்பு என்றால் சுவிட்சின் அந்த போர்ட்டில் பிஓஈ உண்டா என்று பாருங்கள். எல்லா போர்ட்டிலும் இருப்பதில்லை.

விளக்கு எரிகிறது, ஆனாலும் வரவில்லை என்றால் முகவரிச் சிக்கல். கேமராவுக்கு யாரும் முகவரி கொடுக்காதபோது அது 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். உங்கள் கார்டு 192.168-ல் உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. கேமராவுக்கென்று தனி கார்டு, அதற்கென்று தனி சப்நெட் (முகவரிக் குழு), இரண்டு பக்கமும் நிலையான முகவரி. நான் இப்படித்தான் போடுவேன். ஒரே கணினியில் இரண்டு கார்டுகளுக்கு ஒரே சப்நெட்டைக் கொடுத்திருந்தால் கேமரா சில நாள் வரும், சில நாள் வராது. ‘பேய் பிடிச்ச மாதிரி’ என்று என்னிடம் சொல்லப்பட்ட கோளாறுகளில் பாதி இதுதான்.

பட்டியலில் இருக்கிறது, திறக்க மட்டும் மறுக்கிறது என்றால் வேறு ஏதோ மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கேமரா ஒரே ஒரு எஜமானருக்குத்தான் கட்டுப்படும். முந்தைய புரோகிராம் பாதியில் விழுந்திருந்தால் இதயத்துடிப்பு நேரம் (‘இன்னும் இருக்கிறேன்’ என்ற செய்தி வராமல் கேமரா பொறுக்கும் நேரம்) முடியும்வரை பூட்டு திறக்காது. வழக்கமாக அது 3 விநாடி. டீபக் நிலையில் ஓட்டும்போது சில மென்பொருள்கள் அதைப் பல நிமிடங்களாக ஏற்றிவிடும். கேமராவின் மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள், விடும்.

யுஎஸ்பி கேமராவில் கனெக்டர் முழுசாக இறங்காமல் இருந்தால் பழைய யுஎஸ்பி2 ஊசிகள் மட்டும் தொடும். அப்போது 480 மெகாபிட்டில் கேமரா கிடைக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. தயங்காமல் ஒரே அழுத்தில் செருகி, பக்கத்துத் திருகுகளை முடுக்குங்கள். கணினியின் முன்பக்க போர்ட்டை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர்தான் அங்கே முதல் எதிரி. பின்பக்கத்தில் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் போர்ட்டில் போடுங்கள்.

கேமரா திறக்கிறது, அமைப்புகள் மாறுகின்றன, படம் மட்டும் வரவில்லை

இந்த அறிகுறி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் விடை இரண்டே இரண்டு.

ஒன்று ஃபயர்வால். கேமராவோடு பேசும் கட்டளைகள் 3956 என்ற போர்ட்டில் போய்ப் பதிலோடு திரும்புகின்றன, அதை ஃபயர்வால் அனுமதித்துவிடும். படம் வேறு ஒரு போர்ட்டுக்குக் கேமராவாகவே அனுப்புகிற பாக்கெட்டுகளாக வருகிறது. கேட்காமல் வருகிற விருந்தாளி என்று அதை ஃபயர்வால் வாசலிலேயே தடுத்துவிடும். கேமரா கார்டுக்கு மட்டும் ஃபயர்வாலை நிறுத்துங்கள். கேமரா தயாரிப்பாளரின் ஃபில்டர் டிரைவர் நெட்வொர்க் கார்டில் நிறுவப்பட்டு டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் போட்டுக்கொண்ட மறுநாள் இந்த டிக் காணாமல் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று ஜம்போ பாக்கெட், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட். கேமராவில் 9000 என்று வைத்திருப்பார்கள், கார்டிலும் வைத்திருப்பார்கள், நடுவில் இருக்கும் மலிவு சுவிட்ச் 1500-க்கு மேல் விழுங்காது. கட்டளைப் பாக்கெட்டுகள் சின்னவை, அதனால் தாராளமாகப் போய்வரும். படப் பாக்கெட் ஒன்றுகூட தாண்டாது. கேமராவில் பாக்கெட் அளவை 1500-க்கு இறக்குங்கள். உடனே படம் வந்தால் சுவிட்சை மாற்றச் சொல்லிவிடலாம்.

படத்தில் கறுப்புப் பட்டை, பாதிப் படம், கிழிசல்

இதில்தான் நிறைய நேரம் போகும், நிறையப் பணமும் போகும். காவேரிப்பட்டணத்தில் நடந்ததும் இதுதான்.

முதலில் பாக்கெட் கணக்கு. மேலே சொன்ன 23 லட்சம் பைட் படத்தை 1500 அளவுப் பாக்கெட்டுகளில் அனுப்பினால், தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டுக்கு 1464 பைட்தான் படம். ஒரு படத்துக்கு 1574 பாக்கெட், நொடிக்கு 50 படம் என்றால் 78,700 பாக்கெட். 9000 அளவில் அனுப்பினால் ஒரு படத்துக்கு 258, நொடிக்கு 12,900. கணினி ஒவ்வொரு பாக்கெட்டையும் கை நீட்டி வாங்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு தடவை கை நீட்டினால் போதும் என்பதுதான் ஜம்போவின் பயன். அதோடு கார்டின் ரிசீவ் பஃபரையும் ஏற்றுங்கள். பல கார்டுகளில் 256, 512 என்று கிடக்கும், 2048 வரை போகலாம். பாக்கெட் வந்ததைப் பிராசசருக்குத் தொகுத்துச் சொல்லும் இன்டரப்ட் மாடரேஷனைக் கூட்டுங்கள். விண்டோஸின் மின்சேமிப்புத் திட்டத்தை ‘அதிகச் செயல்திறன்’ என்று மாற்றுங்கள். பிராசசர் தூங்கி எழுந்திருக்கும் இடைவெளியில்தான் பஃபர் நிரம்பி வழிகிறது.

இவ்வளவும் செய்தும் பட்டை வருகிறதா? அப்படியென்றால் பாக்கெட் கணினியில் தொலைகிறதா, வழியிலேயே சாகிறதா என்று பிரித்தாக வேண்டும். அதற்குக் கார்டின் எண்ணிகள் இருக்கின்றன. லினக்ஸில் ஈத்டூல் கட்டளை காட்டும், விண்டோஸில் பவர்ஷெல்லில் அடாப்டர் புள்ளிவிவரம் கேட்டால் வரும். சிஆர்சி, அதாவது பாக்கெட் சேதமா என்று பார்க்கும் சோதனையின் பிழை எண் ஏறிக்கொண்டே போனால் பாக்கெட் அடிபட்டு வந்து சேர்கிறது. கேபிள், கனெக்டர், மின்இரைச்சல், இந்த மூன்றில் ஒன்று. சிஆர்சி சுழியிலேயே நின்று, ‘தள்ளிவிடப்பட்டது’ என்ற எண் ஏறினால் கணினிதான் வாங்க முடியாமல் திணறுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் ஒரு நாள் முழுக்க மாட்டியிருக்கிறேன். நடுவில் சுவிட்ச் இருந்தால், அடிபட்ட பாக்கெட்டை சுவிட்சே குப்பையில் போட்டுவிடும். கணினியின் எண்ணி கடைசிவரை சுழியையே காட்டும். ‘கேபிள் சுத்தம், கணினிதான் மோசம்’ என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். சுவிட்சை எடுத்துவிட்டுக் கேமராவை நேராகக் கணினியில் போட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் சுவிட்சின் போர்ட் எண்ணியைப் படிக்க வேண்டும்.

கூழ் ஆலையில் நேராகப் போட்டேன். சிஆர்சி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஏறியது. அப்போது அந்தத் தம்பி சொன்னதுதான் சாவி. “ணா, ஒண்ணு கவனிச்சேன். ராத்திரி ஷிப்ட்ல பல்ப்பர் நிக்கும்போது படம் நல்லா வருது. பல்ப்பர் ஓடுனாத்தான் கிழியுது.” பல்ப்பர் என்பது பழத்தைக் கூழாக்கும் இயந்திரம். மூன்று வாரமாக அவன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தானாம், யாரும் காதில் வாங்கவில்லை.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் கேமராவின் ஈதர்நெட் கேபிள், பல்ப்பர் மோட்டருக்கு, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவிலிருந்து போகும் கேபிளோடு ஒரே டிரேயில், ஒரே கட்டாக, 12 மீட்டர் போகிறது. இரண்டையும் சேர்த்து அழகாக டை போட்டிருந்தார்கள், ஒரு அடிக்கு ஒரு டை. வேலை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று செய்தவர் பாவம், அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஆனால் டிரைவிலிருந்து மோட்டருக்குப் போவது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும் மின்னழுத்தம். ஒவ்வொரு வெட்டும் பக்கத்துக் கேபிளில் ஒரு குத்து குத்தும். இவர்கள் போட்டிருந்ததோ கவசம் இல்லாத அலுவலகக் கேபிள்.

கவசம் உள்ள கேபிள் வாங்கி வேறு சுவர் வழியாக இழுத்தோம். மோட்டர் கேபிளிலிருந்து ஒரு அடிக்குக் குறையாத தூரம். குறுக்கே தாண்ட வேண்டிய ஒரே இடத்தில் செங்குத்தாகத் தாண்டவிட்டோம். மோட்டர் கேபிளின் கவசத்தை இரண்டு முனையிலும் எர்த் செய்தோம். பல்ப்பரைப் போட்டு எண்ணியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு மணி நேரம் கழித்தும் சுழி. புதிதாக வாங்கிய கேமரா இப்போது அவர்கள் அலமாரியில் உதிரியாக இருக்கிறது.

கிரானைட் பட்டறையில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. பாலிஷ் தலைகளிலிருந்து தெறிக்கும் கல்சேறு எங்கேயும் புகும். ஒருமுறை எம்12 கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே எட்டு ஊசிகளைச் சுற்றியும் வெள்ளைச் சாந்து பூசியதுபோல் சேறு காய்ந்து இறுகியிருந்தது. ஓ-ரிங் அதன் பள்ளத்தில் இல்லை, ஒருபக்கமாக நசுங்கி வெளியே தொங்கியது. யாரோ அவசரத்தில் கோணலாக முடுக்கியிருக்கிறார்கள். கனெக்டரை மாற்றி, ரிங்கை உட்கார வைத்து, கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பிறகு மேலே ஏறுகிற மாதிரி கட்டினேன். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்கு வராது.

இரண்டு கேமரா ஒரே சுவிட்ச் வழியாக வந்து, ஒரே டிரிகரில் சுட்டால், இரண்டு படமும் ஒரே நொடியில் ஒரே போர்ட்டில் முட்டும். சராசரி கணக்கில் இடமிருந்தாலும் அந்தக் கணத்தில் இடமிருக்காது. பாக்கெட்டுகளுக்கு நடுவே இடைவெளி கொடுங்கள், அல்லது ஒரு கேமராவின் அனுப்பும் நேரத்தைச் சில மில்லிவிநாடி தள்ளிவையுங்கள். கையில் பணம் இருந்தால் கேமராவுக்கு ஒரு போர்ட் என்று நான்கு போர்ட் கார்டு போடுவதே நிம்மதி.

வேகம் கணக்குக்கு வரவில்லை

50 வர வேண்டிய இடத்தில் 5 வந்தால் யோசிக்கவே வேண்டாம், இணைப்பு 100 மெகாபிட்டில் விழுந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடி ஒயரும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஒயர் அறுந்தாலும் கார்டு சண்டை போடாமல் கீழே இறங்கி ஓட்டிக்கொண்டிருக்கும். ரோபோ கையோடு ஆடும் கேபிள்களில் அடிக்கடி நடக்கும். அசையும் இடத்துக்கு அசைவதற்கென்றே செய்த கேபிள்தான் போட வேண்டும்.

சரியாகப் பாதி வந்தால் பிக்செல் வடிவத்தைப் பாருங்கள். 12 பிட் என்று யாரோ மாற்றியிருப்பார்கள். பேக் செய்யாத 12 பிட் ஒரு பிக்செலுக்கு 2 பைட் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு வந்தால் கலர் கேமராவில் பேயர் 8-ஐ (பிக்செலுக்கு ஒரே நிறம், 1 பைட்) விட்டுவிட்டு ஆர்ஜிபி வைத்திருக்கிறார்கள், ஒரு பிக்செலுக்கு 3 பைட். கேமரா பேயரில் அனுப்பட்டும், நிறத்தைக் கணினியில் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் அடிக்கடி கண்ணில் படாமல் போகும்: எக்ஸ்போஷர் 10 மில்லிவிநாடி என்றால் நொடிக்கு 100 படத்துக்கு மேல் எப்படியும் வராது. வழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் வராது. அங்கே தேவை வெளிச்சம், கேபிள் இல்லை. யுஎஸ்பியில், ஒரே கன்ட்ரோலரில் தொங்கும் இரண்டு கேமராக்கள் அந்த 350-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். கேமராவுக்குள் இணைப்பு வேக வரம்பு என்று ஒரு அமைப்பு இருக்கும், பழைய வேலையில் குறைத்து வைத்தது அப்படியே நினைவில் நின்றிருக்கலாம்.

கிரானைட் பலகையை வரிவரியாக வருடும் லைன் ஸ்கேன் கேமராவுக்கும் இதே கணக்குதான். 8192 பிக்செல், நொடிக்கு 20,000 வரி என்றால் 164 மெகாபைட். ஜிகாபிட் ஈதர்நெட்டில் 14,000 வரிக்கு மேல் நகராது. ‘கேமரா 20,000 என்று விளம்பரத்தில் இருக்கே’ என்று கேட்ட முதலாளியிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன், புரிந்துகொண்டார். படம் நீண்டோ நசுங்கியோ வந்தால் அது வேறு கதை: நகர்வை அளக்கும் என்கோடரின் பல்ஸ் எண்ணிக்கையும் பலகை நகரும் வேகமும் பொருந்தவில்லை. வரிக்கு 0.1 மில்லிமீட்டர் வேண்டும், பலகை நொடிக்கு 1 மீட்டர் நகர்கிறது என்றால் 10,000 வரி. அந்த எண் வராதவரை இணைப்பைத் தொடாதீர்கள்.

கடிகாரம் வைத்ததுபோல் 22 நிமிடத்துக்கு ஒருமுறை ‘படம் தவறியது’ என்கிறது

ஜிக்-ஈ விஷன் முதல் பதிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் தரப்படும் வரிசை எண் 16 பிட். 65,535 வரை போய், சுழியை விட்டுவிட்டு, மறுபடி 1-லிருந்து தொடங்கும். நொடிக்கு 50 படம் என்றால் 1,311 விநாடி, கிட்டத்தட்ட 22 நிமிடம். நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ எழுதிய புரோகிராம் ‘முந்தைய எண்ணோடு ஒன்று கூட்டினால் இந்த எண் வர வேண்டும்’ என்று மட்டும் பார்த்தால், சுற்றி வரும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். எந்தப் படமும் தவறவில்லை. புரோகிராமில் ஒரு வரி திருத்தினால் போதும். இரண்டாம் பதிப்பில் 64 பிட் எண் வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

கேமரா லிங்கில் படம் கலைந்து வருகிறது

பழைய லைன்களில் இன்னும் ஓடுகிறது, மரியாதையோடு கையாளுங்கள். மின்சாரம் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. படம் இரண்டு பாதியாகப் பிரிந்து மாறி மாறி வந்தால், கேமராவில் இருக்கும் டேப் அமைப்பும் (ஒரே நேரத்தில் எத்தனை பிக்செல், எந்த வரிசையில் என்பது), கணினியில் படத்தை வாங்கும் ஃபிரேம் கிராபர் கார்டில் இருக்கும் அமைப்பும் வேறு வேறு. குறிப்பிட்ட பத்திகள் மட்டும் குப்பையாக வந்தால் இரண்டாவது கேபிளின் திருகு தளர்ந்திருக்கிறது. கட்டளையே போகவில்லை என்றால் இரண்டு கேபிள்களும் இடம் மாறியிருக்கின்றன, ஏனென்றால் கட்டளை முதல் கேபிளில் மட்டும்தான் போகும். அங்கங்கே உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் வந்தால் கேபிள் நீளம் அதிகம். 85 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும்போது 10 மீட்டர் என்பது நம்பக்கூடிய எல்லை இல்லை, குட்டையான கேபிள் போட்டுப் பாருங்கள்.

கோஎக்ஸ்பிரஸ்: பட்டியலில் வருகிறது, வேகம் ஏற்றினால் அறுகிறது

இந்தக் கேமரா குறைந்த வேகத்தில் அறிமுகம் செய்துகொண்டு பிறகுதான் மேலே ஏறும். அதனால் கண்டுபிடிக்கப்பட்டதை வைத்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 12.5-ல் அறுந்தால் 6.25-க்கு இறக்கிப் பாருங்கள். அங்கே நிலையாக ஓடினால் கேபிளோ, கனெக்டரை நசுக்கி இணைத்த கிரிம்ப்போதான் காரணம். அவசரத்துக்குச் சிசிடிவி கடையில் வாங்கிய கோஆக்ஸ் ஒயரை ஒரு இடத்தில் பார்த்தேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்கம்பி செம்பு பூசிய எஃகு. இதே கேபிளில் 24 வோல்ட் மின்சாரமும் போகிறது, ஒரு கேபிளுக்கு 13 வாட் வரை. எஃகுக் கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கி, கேமரா சூடாகும் நேரத்தில் மறுபடி மறுபடி ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது.

கனெக்டர் பக்கத்து விளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அசையாத பச்சை என்றால் இணைப்பு உண்டு, தரவு ஓடவில்லை. வேகமாகத் துடிக்கும் பச்சை என்றால் படம் ஓடுகிறது. மெதுவாகத் துடிக்கும் ஆரஞ்சு என்றால் கேமரா டிரிகருக்காகக் காத்திருக்கிறது. கடைசியாகச் சொன்ன நிலையில் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க மாற்றலாம். நான்கு கேபிள் இருந்தால் கேமராவின் முதல் முனை கார்டின் முதல் முனைக்கே போக வேண்டும். கேபிள்களுக்கு நிறநாடா சுற்றிவிடுங்கள்.

நான்கு கேபிள் 12.5-ல் ஓடினால் நொடிக்கு 4.8 ஜிகாபைட் வரை வரும். கார்டை மதர்போர்டில் எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்? நீளமான ஸ்லாட் எல்லாம் முழு ஸ்லாட் இல்லை. பல போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட்டுக்குள் நான்கு லேன் (தரவுப் பாதை) மட்டும்தான் வேலை செய்யும். மூன்றாம் தலைமுறை பிசிஐஈயில் நான்கு லேன் என்றால் ஏட்டுக் கணக்கிலேயே 3.9 ஜிகாபைட்தான். படம் கார்டு வரைக்கும் வந்து அங்கேயே தேங்கி நிற்கும். எட்டு லேன் ஸ்லாட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

பொருள் ஆயிரம், படம் ஆயிரத்துக்குக் குறைவு அல்லது கூட

டின் மூடி நிமிடத்துக்கு 300 போகிறது என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 மில்லிவிநாடி. எந்தக் கேமராவுக்கும் இது தாராளம். அப்படியும் படம் கூடுதலாக வந்தால், பளபளக்கும் மூடியின் விளிம்பில் சென்சார் இரண்டு தடவை பல்ஸ் கொடுக்கிறது. குறுகிய பல்ஸை வடிகட்டும் கேமராவின் டிபவுன்சரை ஒரு சில மில்லிவிநாடிக்கு ஏற்றுங்கள்.

குறைவாக வந்தால், முதலில் சென்சார் பிஎன்பியா என்பிஎன்னா (வெளியீடு பிளஸ் பக்கம் கொடுப்பதா, மைனஸ் பக்கம் இழுப்பதா), கேமராவின் உள்ளீடு 24 வோல்ட்டை ஏற்குமா என்று பாருங்கள். அடுத்தது எக்ஸ்போஷர். 8 மில்லிவிநாடி எக்ஸ்போஷர் ஓடும்போது 6 மில்லிவிநாடியில் அடுத்த டிரிகர் வந்தால் கேமரா அதைக் கண்டுகொள்ளாது. கேமராவின் டிரிகர் எண்ணியையும் ஃபிரேம் எண்ணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டிரிகர் எண்ணியே குறைந்தால் சென்சார் பக்கம் போங்கள். டிரிகர் சரி, ஃபிரேம் குறைவு என்றால் எக்ஸ்போஷர். கேமராவில் இரண்டும் சரி, புரோகிராமில் மட்டும் குறைவு என்றால் பஃபர்.

காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் நிற்கிறது

ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த கேமராவின் உள்வெப்பத்தைப் படித்துப் பாருங்கள், பல கேமராக்களில் அதற்கென்றே ஒரு அளவீடு உண்டு. பிளாஸ்டிக் தாங்கியில் மாட்டியிருந்தால் சூடு போக வழியில்லை. கனமான அலுமினியத் தட்டில் மாற்றி மாட்டினாலே பல டிகிரி இறங்கும். கணினியின் மின்விசிறி வலையைக் கல்தூசி அடைத்திருந்தால் கார்டும் சேர்ந்து கொதிக்கும்.

சூட்டில் பழுதில்லை என்றால் பஃபர். புரோகிராம் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பஃபரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏதோ ஒரு பிழை வரும் பாதையில் மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தால், ஒவ்வொன்றாகத் தீர்ந்து, மதியம் மூன்று மணிக்குக் கைவசம் ஒன்றும் இருக்காது. மாலையில் நிறுத்திப் போட்டால் மறுபடி சரியாகிவிடும், அதனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். காத்திருக்கும் பஃபர் எண்ணிக்கையை மணிக்கு ஒருமுறை கோப்பில் எழுத வையுங்கள், இறங்கிக்கொண்டே போவது தெரிந்துவிடும்.

படங்களைச் சேமிக்கிறீர்களா? 1920 × 1200 படம் நொடிக்கு 160 என்றால் 369 மெகாபைட், நிமிடத்துக்கு 22 ஜிகாபைட். எஸ்எஸ்டி முதல் சில நிமிடம் சிரித்துக்கொண்டே வாங்கும். அதன் வேகமான பகுதி நிரம்பியதும் எழுதும் வேகம் சரியும், படங்கள் நினைவகத்தில் குவியும், பிறகு விழும். நல்ல மூடியையெல்லாம் சேமிக்காமல், கழித்ததை மட்டும் சேமிக்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி என்றால் செலக்டிவ் சஸ்பெண்டையும், ஈதர்நெட் கார்டு என்றால் எனர்ஜி எஃபிஷியன்ட் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இடைவேளையில் லைன் நிற்கும்போது இவை தூங்கிப்போய், ஷிப்ட் தொடங்கும்போது எழுந்திருக்காமல் அடம் பிடிக்கும்.

வேலை முடிந்து கிளம்பும் முன் பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிட்டு வருவேன்: கேமரா முகவரி, பாக்கெட் அளவு, பிக்செல் வடிவம், எக்ஸ்போஷர், எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, அன்றைய சிஆர்சி எண், தேதி. காவேரிப்பட்டணம் தாளில் இப்போது அந்தத் தம்பியின் கையெழுத்தும் இருக்கிறது. திங்கள்தோறும் பல்ப்பர் ஓடும்போது எண்ணியைப் படித்து அவனே எழுதிவைக்கிறான்.